பிலாத்துவின் மனைவி பின்னாலிருந்து கூப்பிடுகிறாள்

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

இன்றிலிருந்து, ஏசுவின் பாடுகளை எங்கள் கடற்கரை ஊரே நடிக்கும் பாஸ்கு நாடகம் முடியும்வரை எழுதப் போகிறேன். ஆன்லைனில் இல்லை, நோட்டில். ஆன்லைனில் என்றால் லைக் வரவில்லை என்று மறுநாளே அழித்துவிடுவேன்.

காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் பூசி முடித்ததும் பாஸ்குக் கமிட்டித் தலைவர் பெஞ்சமின் மொத்தா மைக்கைப் பிடித்தார். இருபத்திரண்டு வருஷமாகப் பிலாத்துவின் மனைவி வேஷம் கட்டிய தொம்மை சித்தப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷனாம். இந்த வருஷம் அவர் மேடை ஏற முடியாது. வேறு ஆண்பிள்ளை யாராவது பேர் கொடுத்தால் சரி, இல்லையென்றால் அந்தக் காட்சியை எடுத்துவிடலாம் என்றார்.

எடுத்துவிடலாமாம்!

ஏசுவுக்கு எதிராக ஊரே கத்தும்போது, "அந்த மனுஷனை விட்டுவிடு, நான் கனவு கண்டேன்" என்று தீர்ப்புச் சொல்பவனிடமே போய்ச் சொன்ன ஒரே ஆள் அவள்தான். எங்கள் துறைப் பாஸ்கில் அவளுக்கு என்ன நடக்கிறது? கறுப்புத் துணி போர்த்திய பிசாசு வந்து காதில் ஓதும். உடனே தொம்மை சித்தப்பா சவுரிமுடியும் சிரட்டை வைத்த மார்புமாக, "அத்தான்! அத்தான்!" என்று பிலாத்துவின் பின்னாலேயே ஓடுவார். விசில் பறக்கும். பாப்கார்ன்காரருக்கு அப்போதுதான் வியாபாரம்.

என் பைத்தியம் ஊருக்கே தெரியும். லாக்டவுனில் ஒன்பதாம் வகுப்புப் பாடம் பார்க்க வாங்கிய போனில் நான் பார்த்தது ஐந்நூறு அறுநூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பாவின் வேத நாடகங்கள். அங்கே சில ஊர்களில் வண்டிதான் மேடை. தெருத்தெருவாக இழுத்துப் போவார்கள். ஒரு ஊரில் நோவாவின் கப்பல் கதையை நடத்தியது கப்பல் கட்டும் ஆட்களே! அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. "தேர்மேடை" என்று ஒரு பேஜ் தொடங்கினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பின்தொடர்கிறார்கள். அதில் பாதி பேர் என் கிளாஸ்மேட்ஸ், பாவத்துக்கு.

அந்த நாடகங்களில் பெண்கள் யார் யார்? அழுகிற தாய். கூந்தலை விரித்த பாவி. கப்பலில் ஏற மாட்டேன் என்று புருஷனை அடித்துச் சிரிப்பு மூட்டுகிற நோவாவின் மனைவி. பிலாத்துவின் மனைவியும் உண்டு. அங்கேயும் பிசாசுதான் வந்து காதில் ஓதுகிறது! அதைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் அம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டாள். கடல் கடந்து, காலம் கடந்து, ஒரு பொம்பளை சரியாக ஒன்று சொன்னால் அது பிசாசு சொல்லிக் கொடுத்ததாகத்தான் இருக்க வேண்டும் போல.

அந்த வேஷம் எனக்கு வேண்டும். நேராகச் சொல்ல வேண்டும். ஒருத்தரும் சிரிக்கக் கூடாது.

பிற்பாடு: நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்குக் கிளம்பும்போது சார்ஜரை மறந்துவிட்டேன். அம்மா கூப்பிடவில்லை. எப்போதும் கூப்பிட மாட்டாள். பக்கத்து வீட்டுக் கருவாட்டு முற்றம் வழியாகச் சுற்றி ஓடிவந்து, மூச்சிரைக்க என் முன்னால் நின்று சார்ஜரை நீட்டினாள்.

பிப்ரவரி 19

அம்மாவிடம் சொன்னேன். "செருப்பத் தச்சிட்டியா?" என்று கேட்டாள். இதுதான் பதில்.

பிப்ரவரி 22, ஞாயிறு

கமிட்டிக் கூட்டம். மாதா சிலை இருக்கும் கெபிக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள். நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

"பொம்பளப்பிள்ள பேசுத வேஷம் நம்ம பாஸ்குல கிடையாதும்மா" என்றார் மொத்தா.

"மாதா வேஷம் பொம்பளப்பிள்ளதானே கட்டுது?"

"மாதா அழும். பேசாது."

நான் தயாராக வந்திருந்தேன். ஆயிரத்து நானூற்று அறுபத்தெட்டில், இப்போது பிரான்சில் இருக்கிற ஒரு ஊரில், கண்ணாடி வேலை செய்கிறவரின் மகள், பதினெட்டு வயசு, புனித கத்தரீனாள் வேஷம் கட்டி இரண்டாயிரத்துக்கும் மேலே வரிகளை மனப்பாடமாகச் சொன்னாள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

"பொறவு அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு?" என்று ஒருவர் கேட்டார்.

"ஒரு பட்டாளக்காரர் பாத்து மயங்கிக் கல்யாணம் பண்ணிக்கிட்டாரு." அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"ஏட்டி விண்ணரசி! அப்ப மாப்பிள பாக்கதுக்குத்தான் இவ்வளவு சரித்திரமா?" கூட்டமே உருண்டது. மொத்தாகூடச் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. நகரவில்லை.

பிலாத்து வேஷம் கட்டுகிற கித்தேரி மாமா மட்டும் சிரிக்கவில்லை. பதினைந்து வருஷமாக அவர்தான் பிலாத்து. சொந்த வள்ளம், சொந்த வலை, அதிகம் பேசாதவர். அப்பாவின் கூட்டாளி. "பிள்ள ஆசப்படுது. குடுத்துப் பாப்போமே" என்றார். அவர் சொன்னால் மறுபேச்சு வராது.

"சரி. ஆனா பிசாசு இருக்கும்" என்றார் மொத்தா. "பிசாசு இல்லன்னா சின்னப் பிள்ளையளு அழுவும்."

பிசாசு இருக்கட்டும். வேஷம் எனக்கு!!!

பிப்ரவரி 24

தொம்மை சித்தப்பாவை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். ஆரஞ்சு வாங்கிப் போனேன். சவுரிமுடியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். "சிரட்டைய மட்டும் தொடாத, அது எனக்கு அளவெடுத்தது" என்றார். சிரித்தால் தையல் பிரியும் என்று நர்ஸ் என்னை வெளியே அனுப்பிவிட்டாள்.

மார்ச் 1

வசனம் எழுதி முடித்தேன். ஆறே வரி. பேஜில் ஸ்டோரி போட்டேன். ஒருத்தி "குயீன்" என்றாள். ஒருத்தன் "சிரட்டை எங்கே" என்றான். பிளாக்.

அம்மா போர்ச்சேவகர்களுக்குச் சிவப்புப் பாவாடை தைக்கிறாள், பதினாறு. எனக்கு என்ன நிறம் என்று கேட்டாள். ஊதா என்றேன். அளவெடுக்கும்போது, "அவ எங்க நின்னு பேசுவா?" என்றாள்.

"பிலாத்து தீர்ப்புச் சொல்லப் போவாரு. இவ பின்னால இருந்து கூப்பிடுவா."

அம்மாவின் கையிலிருந்த டேப் சுருண்டுகொண்டது. மறுபடி முதலிலிருந்து அளந்தாள்.

மார்ச் 8, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சாயங்காலம் ஐந்து மணி, பள்ளிக்கூட மைதானம். முதல் தடவை நடித்துப் பார்க்கிறோம். கித்தேரி மாமா கைலியோடு, தோளில் துண்டைச் சால்வையாகப் போட்டுக்கொண்டு நியாயாசனத்தை நோக்கி நடந்தார். நான் ஓடவில்லை, கீச்சுக்குரல் இல்லை. நின்ற இடத்தில் நின்று கூப்பிட்டேன்:

"போகாதீங்க! நில்லுங்க!"

மாமா நின்றார். வசனப்படி அவர் திரும்பிப் பார்க்காமல், "என்ன வேண்டும் பெண்ணே?" என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை. திரும்பினார். நேராக என்னிடம் வந்து, பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, கையை நீட்டி, "கொஞ்சம் தண்ணி குடு" என்றார்.

வசனத்தில் தண்ணீரே கிடையாது!

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. பிறகு வெடித்தது சிரிப்பு. "பிலாத்து தொழிலுக்குப் போறாருன்னு நெனச்சிட்டாருலே!" எங்கள் துறையில் கடலுக்குப் போகிற ஆளைப் பின்னால் கூப்பிட மாட்டார்கள். தப்பித்தவறிக் கூப்பிட்டுவிட்டால், அவர் திரும்பி வந்து உட்கார்ந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். அதோடு தோஷம் கழிந்தது. மாமாவின் காலும் கையும் தன்பாட்டில் அதைச் செய்துவிட்டன. அவரும் சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டை எடுத்து உதறிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மொத்தா சிரிக்கவில்லை. "இதுக்குத்தான் அந்த வேஷத்துக்கு ஆம்பளய விட்டது. தொம்மை கூப்ட்டா அது விளையாட்டு. பொம்பள கூப்ட்டா கூப்ட்டதுதான்."

பின்வரிசையில் நின்ற போர்ச்சேவகன் ஒருவன் மெதுவாகத்தான் சொன்னான். எனக்குக் கேட்டது. "தாயப் போல பிள்ள. அவளும் இப்பிடித்தான கூப்ட்டா."

மார்ச் 9

கடையில் பிரிண்டர் ரிப்பேர். நாள் பூராவும் இங்க் துடைத்தேன்.

மார்ச் 11

எழுதியே ஆக வேண்டும். இந்த நோட்டில் அப்பாவைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்பதை இப்போதுதான் பார்த்தேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், எனக்குப் பன்னிரண்டு வயசில், அப்பா கடலுக்குப் போனார். அன்று ராத்திரி புயல். வள்ளமும் வரவில்லை, அவரும் வரவில்லை. அன்று காலையில் கரையில் அம்மா அவரைப் பின்னால் கூப்பிட்டாள் என்று ஊர் சொன்னது. இப்போதும் சொல்கிறது. புது வள்ளம் இறக்கும்போது அம்மாவுக்கு அழைப்பு வராது. தைக்க மட்டும் துணி வரும்.

நான் எட்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தது வேறு. அம்மா ஏதோ கெட்ட கனவு கண்டு பயந்துபோய்க் கூப்பிட்டிருப்பாள் என்று. "அதனால்தான் உனக்குப் பிலாத்துவின் மனைவி வேஷமா?" என்று யாராவது கேட்டால் இல்லை என்பேன். எனக்கு அந்த நாடகங்கள் பிடிக்கும், அவ்வளவுதான்.

இன்று மத்தியானம் கேட்டுவிட்டேன். அம்மா ஊதாத் துணிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா, அன்னைக்கு நீ என்ன கனவு கண்ட?"

"கனவா?" மிஷின் நிற்கவில்லை. "நான் தூங்குனாத்தான கனவு காண. ஒனக்கு அன்னைக்கு வயித்து வலி, விடிய விடிய முழிச்சிருந்தேன்."

"பொறவு எதுக்குக் கூப்ட்ட?"

மிஷின் நின்றது.

"கொல்லத்துல இருந்து ஒம் மாமன் போன் போட்டான். ஹார்பர்ல பேசிக்கிடுதாவ, காத்து மாறுது, அத்தான ஒரு நாள் பொறுக்கச் சொல்லுன்னான். ஒங்கப்பா அதுக்குள்ள கரைக்குப் போயிட்டாவ. போன வச்சிட்டு ஓடுனேன். வள்ளத்துல கை வச்சிட்டாவ. கூப்ட்டேன்."

"கேக்கலியா?"

"கேட்டுச்சி. வந்தாவ. கவுத்துப் போட்டிருந்த வள்ளத்து மேல உக்காந்தாவ. வள்ளம் தள்ள வந்து நின்ன கித்தேரி அண்ணந்தான் பாட்டிலக் குடுத்தாரு. தண்ணி குடிச்சாவ. குடிச்சதும் எந்திச்சிட்டாவ. தோஷம் கழிஞ்சிட்டுல்லா! நான் வாயத் தொறக்கேன், ரெண்டு பேரும் தண்ணில நிக்காவ, இஞ்சின் சத்தம்."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"பின்னால கூப்ட்டான்னு எல்லாரும் சொன்னாவ. கித்தேரி அண்ணன் அழுதுகிட்டேதான் சொன்னாரு, அவர்மேல எனக்கு ஒண்ணுமில்ல. என்னத்துக்குக் கூப்ட்டன்னு இந்த எட்டு வருசத்துல ஒரு ஆளு கேக்கல. நீதான் இன்னைக்குக் கேக்க. அதுவும் கனவுன்னு."

அவ்வளவுதான் பேச்சு. மறுபடி மிஷின். நான் மொட்டை மாடிக்குப் போய்க் காய்கிற பதினாறு சிவப்புப் பாவாடைகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டேன்.

மார்ச் 12

பழைய ஆறு வரியையும் கிழித்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

மொத்தா முடிவெடுத்துவிட்டு வந்திருந்தார். நான் பிலாத்துவுக்கு முன்னால் வந்து நின்று பேச வேண்டும். பின்னாலிருந்து கூப்பிடுவது கிடையாது. பிடிக்கவில்லையென்றால் காட்சி போச்சு.

"முன்னால நின்னா அவரு கேப்பாரே" என்றேன்.

"கேக்கட்டுமே. என்ன கெட்டுப்போச்சு?"

"அவரு கேக்கலங்கதுதான் கதையே! கேட்டிருந்தா ஏன் கை கழுவுதாரு?"

"ஏட்டி, ஒனக்கு நாடகம். கித்தேரி மறுநாளு தொழிலுக்குப் போகணும். கூப்ட்டு ஏதாவது ஆச்சுன்னா ஊரு ஒன்னயச் சொல்லும். ஒங்கம்மயச் சொன்னது போதாதா?"

கோபத்தில் சொல்லவில்லை அவர். அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. அழுதால் மாதா வேஷம்தான் தருவார்கள். அழவில்லை.

"எல்லாரும் எங்கம்ம கூப்ட்டான்னு மட்டுந்தான் சொல்லுதிய. பிலாத்து பொண்டாட்டி கூப்ட்டா, ஒடனே பிசாசு. எங்கம்ம கூப்ட்டா, ஒடனே தோஷம். ரெண்டு பேரும் என்ன சொல்ல வந்தாவன்னு ஒருத்தரும் கேக்க மாட்டியளா? நான் பின்னால இருந்துதான் கூப்பிடுவேன். இல்லன்னா நீங்களே சிரட்டையக் கட்டிக்கிட்டு ஓடுங்க."

ஊரில் பெரிய ஆளிடம் இப்படிப் பேசியதில்லை நான். ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான்.

எல்லாரும் கித்தேரி மாமாவைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கூப்பிடட்டும்" என்றார். "கூப்பிடப் போறது என்னயத்தான. நான் பாத்துக்கிடுதேன்."

மார்ச் 16 முதல் 27 வரை

தினமும் சொல்லிப் பார்த்தேன். கடையில், பஸ்ஸில், வெங்காயம் உரிக்கும்போது. பேஜில் எதுவும் போடவில்லை. ஒத்திகையில் இரண்டு முறை கூப்பிட்டேன். இரண்டு முறையும் கித்தேரி மாமா வசனப்படி திரும்பாமல் நின்று, "என்ன வேண்டும் பெண்ணே?" என்று சரியாகக் கேட்டுவிட்டுப் போனார். பிசாசு வேஷக்காரன் மொத்தாவின் அக்கா மகன், என் காதில் ஓதும்போது ஏலக்காய் மிட்டாய் வாடை.

மார்ச் 28

ஊதாச் சட்டையைப் போட்டுப் பார்த்தேன். அம்மா கழுத்தைச் சரிசெய்தாள். நாளைக்கு வருவாயா என்று கேட்டேன். அப்பா போனபிறகு அவள் பாஸ்கு பார்க்க வந்ததில்லை.

"பாவாட கிழிஞ்சா தைக்க ஆளு வேண்டாமா?" என்றாள்.

மார்ச் 29, குருத்து ஞாயிறு

முடிந்துவிட்டது. அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

எங்கள் துறையில் பாஸ்கு குருத்து ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்குக் கோயில் மணலில் தொடங்கும். பிலாத்து காட்சி வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. நான் மேடையில் கால் வைத்ததுமே விசில். என்னைப் பார்த்து இல்லை, பழக்கத்தில். ஒரு குழந்தை, "தொம்மை தாத்தா எங்க?" என்று கத்தியது. பிசாசு வந்தது, ஓதியது, சிரிப்பு. எல்லாம் தொம்மை சித்தப்பாவுக்கு வைத்திருந்த சிரிப்பு, அவர் இல்லாததால் என்மேல் விழுந்தது.

கித்தேரி மாமா தங்கத்தாள் ஒட்டிய கிரீடத்தோடு நடக்கத் தொடங்கினார். மூன்று அடி. நான்கு அடி.

"போகாதீங்க! நில்லுங்க!"

பெண்கள் பக்கம் சட்டென்று அடங்கியது. ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள். ஆண்கள் பக்கம் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.

மாமா நின்றார். "என்ன வேண்டும் பெண்ணே?" என்று சொல்ல வேண்டிய இடம். சொல்லவில்லை. திரும்பினார். என்னிடம் வந்தார். மேடைப் படியில் உட்கார்ந்தார். கையை நீட்டினார்.

"கொஞ்சம் தண்ணி குடு."

ஒத்திகையில் கைகால் செய்ததுபோல் இல்லை இது. இந்த முறை அவர் யோசித்துச் செய்தார். ஆண்கள் பக்கமும் நின்றுபோனது. பிசாசுப் பையன் வாயைத் திறந்தபடி நிற்கிறான். கை கழுவும் காட்சிக்காக வைத்திருந்த செம்பு என் பக்கத்தில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். குடித்தார். எழுந்திருக்கப் போனார்.

நான் அவர் தோளில் கை வைத்தேன். அதுவும் வசனத்தில் இல்லை.

"தண்ணி குடிச்சா முடிஞ்சிராது. நான் சொல்ல வந்ததக் கேட்டுட்டுப் போங்க. பயத்துல கூப்பிடல, தெரிஞ்சுதான் கூப்ட்டேன். அந்த மனுஷன் ஒரு குத்தமும் செய்யல. ஒரு நாள் பொறுங்க. இன்னைக்கு நீங்க கேக்காமப் போனா, நாளைக்கு எல்லாரும் நான் கூப்ட்டதத்தான் சொல்லுவாவ. என்ன சொன்னேன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாவ."

யாரும் சிரிக்கவில்லை. பாப்கார்ன் மிஷின் மட்டும் பொரிந்துகொண்டிருந்தது.

மாமா எழுந்தார். போகத்தானே வேண்டும், பிலாத்து போய்த்தானே ஆக வேண்டும். போனார். கடைசியில் குடித்து மிச்சமிருந்த அதே செம்புத் தண்ணீரில் கை கழுவினார். எனக்கு இப்போதும் அந்தச் சத்தம் கேட்கிறது.

நான் இறங்கி வரும்போது மேடைக்குப் பின்னால் அம்மா, வாயில் ஊசியைக் கவ்வியபடி ஒரு போர்ச்சேவகனின் பாவாடையைத் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. தையல் மட்டும் எங்கெங்கோ போயிருந்தது. அம்மா கோணலாகத் தைத்து நான் பார்த்ததே இல்லை.

ராத்திரி எட்டரை மணிக்குக் கித்தேரி மாமா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். கிரீடம் இல்லை, காதுக்குப் பின்னால் சிவப்புச் சாயம் அப்படியே இருந்தது. உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. அம்மா பாவாடைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி" என்றார். "அன்னைக்கு நீ என்னத்துக்குக் கூப்ட்ட?"

அம்மா இன்னும் இரண்டு பாவாடை மடித்தாள்.

"கொல்லத்துல இருந்து தம்பி போன் போட்டான். காத்து மாறுது, ஒரு நாள் பொறுக்கச் சொல்லுன்னு."

மாமா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்லா, பிள்ள."

"நீங்க கேக்கலியே அண்ண. தண்ணியத்தான குடுத்திய."

அவர் நிலையிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "மொத்தாட்ட நான் சொல்லுதேன். கரையில எல்லாத்துட்டயும் சொல்லுதேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 30, திங்கள்

ஜெராக்ஸ் கடைக்கு இன்று லீவு. பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஏழு மணி இருக்கும். கித்தேரி மாமா தோளில் வலை, கையில் சோற்றுத் தூக்கோடு எங்கள் வீட்டைத் தாண்டி, கரைக்குப் போகும் பாதையில் போய்க்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு பேர் கூட.

அம்மா முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கருவாட்டு முற்றம் வழியாகச் சுற்றி ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள்.

"கித்தேரி அண்ண!"

தெரு முழுக்கக் கேட்டது. எட்டு வருஷத்தில் நான் கேட்காத குரல். கூட வந்த இரண்டு பேரும் விறைத்து நின்றார்கள். ஒருவர் அவசரமாகத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

மாமா அதை வாங்கவில்லை. திரும்பி வந்தார், வேலிக்கு இந்தப் பக்கம். உட்காரவில்லை.

"சொல்லு தங்கச்சி."

"காதுக்குப் பின்னால சாயம் அப்பிடியே இருக்கு. தேங்கா எண்ண போட்டுத் தொடச்சாத்தான் போவும்."

"சரி" என்றார் மாமா. "வேற ஒண்ணுமில்லியே?"

"இல்ல. காத்து நல்லாத்தான் இருக்கு. போயிட்டு வாங்க."